மென்பொருளை வெளியிடும் முன் அதன் அறச்சிக்கல்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

ஒரு மென்பொருளை எழுதி முடித்து, கூடிய சீக்கிரம் வெளியிடப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதுகிறவர்கள் மட்டுமல்ல, எழுதச் சொல்லிப் பணம் கொடுப்பவர்களும் படிக்கலாம்.

என் வேலை தரவுத்தள வடிவமைப்பு. எந்தத் தகவலை எந்த டேபிளில், என்ன பெயரில், எவ்வளவு காலம் வைப்பது என்று முடிவு செய்யும் வேலை. பல வருடமாக இதையே செய்வதால் ஒன்றை அழுத்திச் சொல்ல முடியும். தகவல் தொழில்நுட்பத்தால் வரும் அநீதி எங்கோ கொள்கை வகுக்கும் அறையில் பிறப்பதில்லை. யாரோ அவசரத்தில் சேர்த்த ஒரு ஃபீல்டில் (டேபிளில் ஒரு தகவலுக்கான கட்டத்தில்), யாரும் மாற்றாவிட்டால் தானாக இருக்கட்டும் என்று யோசிக்காமல் 'ஆம்' வைத்த ஒரு டீஃபால்ட்டில், 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்ட ஒரு பிழைச்செய்தியில்தான் அது உட்கார்ந்திருக்கிறது. ஆகவே தேட வேண்டிய இடமும் அதுதான். வெளியீட்டுக்கு முன் குழுவில் இரண்டு மூன்று பேர் அரை நாள் ஒதுக்கி உட்கார்ந்தால் போதும், கீழே சொல்வதைச் செய்துவிடலாம்.

யார் மேல் படும் என்று முதலில் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, இந்த மென்பொருள் யார் யார் வாழ்க்கையைத் தொடும் என்று எழுதுங்கள். 'பயனர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடக் கூடாது. திரைக்கு முன்னால் உட்காருபவர் ஒருவர். அவர் யாரைப் பற்றித் தட்டச்சு செய்கிறாரோ அவர் வேறொருவர். பின்னால் அறிக்கை எடுத்துப் பார்த்து முடிவு செய்பவர் மூன்றாமவர். பெரும்பாலான வடிவமைப்புக் கூட்டங்களில் முதல் ஆளைப் பற்றியும் மூன்றாம் ஆளைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். நடுவில் இருப்பவர் பெயர் அடிபடவே அடிபடாது.

ஒரு வருகைப்பதிவு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். மேற்பார்வையாளர் ஒரு தொழிலாளியின் பெயருக்கு எதிரே 'தாமதம்' என்று குறிக்கிறார். காரணம் கேட்டு ஒரு பட்டியல் விரிகிறது: சொந்தக் காரணம், உடல்நலம், முன்னறிவிப்பு இல்லை, மற்றவை. முந்தைய ஷிஃப்டில் கூடுதல் நேரம் நிறுத்தி வைத்ததால்தான் அவர் இன்று தாமதமாக வந்தார் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? அதற்குப் பட்டியலில் இடமில்லை. முதலில் இருப்பதால் 'சொந்தக் காரணம்' விழும். வருடக் கடைசியில் வேறு யாரோ அறிக்கையைத் திறக்கும்போது அந்த ஷிஃப்ட் கதை எதுவும் அதில் இருக்காது. 'சொந்தக் காரணத்தால் அடிக்கடி தாமதம்' என்பது மட்டும்தான் இருக்கும்.

இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. பட்டியல்தான் பொய்யை உண்டாக்கியது. அதனால் ஒவ்வொரு பட்டியலையும் திறந்து, 'உண்மையில் நடக்கக்கூடியது எது இதில் இல்லை?' என்று கேளுங்கள். நிர்வாகத்தின் பக்கம் தவறு இருந்தால் அதைக் குறிக்க ஒரு தேர்வு இருக்கிறதா என்று குறிப்பாகப் பாருங்கள். அப்புறம், யாரைப் பற்றி எழுதப்படுகிறதோ அவர் அந்தப் பதிவைப் பார்க்கவும், பக்கத்தில் தன் பதிலை எழுதவும் ஓர் இடம் கொடுங்கள். அதற்கு ஒரு டேபிளும் ஒரு திரையும் போதும். அது பெரிய வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒவ்வொரு ஃபீல்டையும் விசாரியுங்கள்

அடுத்து, டேபிள்களை வரிசையாகத் திறங்கள். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் மூன்று கேள்வி: இது எதற்கு, யார் பார்க்கலாம், எப்போது அழியும். 'பிற்காலத்தில் உதவும்' என்பதை முதல் கேள்விக்குப் பதிலாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். அப்படிச் சேர்ந்த தகவல், சேர்த்தவருக்கு உதவியதைவிடத் திருடியவருக்கு உதவியதுதான் அதிகம்.

பிறந்த தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படிவத்திலும் அது இருக்கும், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. உங்களுக்குத் தேவை வயது வரம்பு மட்டும்தான் என்றால் '18 நிரம்பியவரா?' என்ற ஆம், இல்லை போதும். புள்ளிவிவரத்துக்கு என்றால் பிறந்த ஆண்டு போதும். முழுத் தேதி எவ்வளவு கூர்மையான அடையாளம் என்பதை லதான்யா ஸ்வீனி என்ற கணினி ஆய்வாளர் 1990களின் பிற்பகுதியில் காட்டினார். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு ஆய்வுக்காகக் கொடுத்தார்கள். ஆளுநர் வில்லியம் வெல்டு, யாருடைய அந்தரங்கமும் வெளிப்படாது என்று உறுதி சொல்லியிருந்தார். ஸ்வீனி 20 டாலர் கொடுத்து ஆளுநர் வசித்த ஊரின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். ஆளுநரின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் 6 பேர். அதில் ஆண்கள் 3 பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒரே ஒருவர். ஆளுநரின் மருத்துவப் பதிவு கையில் வந்துவிட்டது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் சேர்ந்தாலே அமெரிக்க மக்களில் சுமார் 87 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று 1990 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பிறகு அவரே கணக்கிட்டார்.

இதையே உங்கள் தரவில் செய்து பாருங்கள். வெளியே கொடுக்கப்போகும் கோப்பில் பெயர் இல்லை என்பதோடு நிறுத்தாமல், மீதி இருக்கும் ஃபீல்டுகளில் மூன்றை எடுத்து, அந்த மூன்றும் ஒன்றுபோல் இருப்பவர்களை ஒரே குழுவாக்கி (குரூப் பை போட்டு) எண்ணுங்கள். எத்தனை குழுவில் ஒரே ஓர் ஆள் இருக்கிறார் என்று பாருங்கள். முதல் முறை பார்ப்பவர்கள் அந்த எண்ணைக் கண்டு அதிர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். தேதியை ஆண்டாக்குங்கள், ஊரை மாவட்டமாக்குங்கள், மறுபடி எண்ணுங்கள். அப்படியும் தனி ஆட்கள் மிஞ்சினால் அந்த வரிகளைக் கொடுக்காதீர்கள்.

ஆள் என்ன எழுதினார், என்ன தேடினார் என்பது போன்ற தரவில் இந்த வித்தைகூடப் பலிக்காது. 2006 ஆகஸ்டில் அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல், சுமார் 6,50,000 பேர் மூன்று மாதத்தில் தேடிய 2 கோடி தேடல்களைப் பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. தேடலில் இருந்த ஊர்ப்பெயரையும் குடும்பப்பெயரையும் வைத்தே பத்திரிகையாளர்கள் சில நாளில் ஒரு பெண்ணின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தேடல், உரையாடல், நடமாட்டம் ஆகிய மூன்றையும் 'பெயர் நீக்கிய தரவு' என்று யார் கேட்டாலும் என் பதில் இல்லை என்பதுதான்.

அழிப்பது பற்றி ஒரு வார்த்தை. கணக்கை டெலீட் செய்ததும் திரையில் 'நீக்கப்பட்டது' என்று வருகிறது. அந்த ஆளின் தகவல் அதற்குப் பிறகும் பேக்கப்பில் இருக்கும், லாக் கோப்பில் இருக்கும், டெஸ்டிங்குக்காக எடுத்த நகலில் இருக்கும், யாரோ ஒருமுறை எக்ஸெலில் இறக்கி மின்னஞ்சலில் அனுப்பியதில் இருக்கும். இந்த நான்கு இடத்தையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எத்தனை நாளில் போகும் என்று எழுதிவைத்த பிறகு 'நீக்கப்பட்டது' என்ற செய்தியைக் காட்டுங்கள். டெஸ்டிங்குக்கு உண்மையான ஆட்களின் தரவை எடுப்பதை முதலில் நிறுத்துங்கள்.

கணினி தவறினால், நிரூபிக்க வேண்டியவர் யார்?

இந்த அரை நாளில் பாதியை இந்தக் கேள்விக்கு ஒதுக்குங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம் என்பது என் கருத்து. எல்லா மென்பொருளிலும் பிழை இருக்கும். அந்தப் பிழையின் பாரம் யார் தலையில் விழுகிறது என்பது வடிவமைப்பில் முடிவாகிறது.

பிரிட்டன் தபால் துறையில் நடந்ததைத் தெரியாதவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1999 முதல் அங்கே கிளை அஞ்சலகங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்தது. ஃபுஜிட்சு நிறுவனம் நடத்தியது. கிளையை நடத்தியவர்கள் மாலையில் கணக்கை முடித்தால், பெட்டியில் இருக்கும் பணத்துக்கும் திரையில் இருக்கும் தொகைக்கும் வித்தியாசம் வந்தது. ஒப்பந்தப்படி குறைந்த பணத்தை அவர்களே கட்ட வேண்டும். சேமிப்பைப் போட்டுக் கட்டினார்கள், கடன் வாங்கிக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள்மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்கு வந்தது. 2015 வரையிலான காலத்தில் 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சிலர் சிறைக்குப் போனார்கள். சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

வடிவமைப்பாளராக இதில் நான் கவனிப்பது மூன்று விஷயம். உதவி எண்ணுக்கு அழைத்த பலரிடம், இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான் வருகிறது என்று சொன்னார்கள். அப்படியானால் ஒரே புகார் பல கிளைகளிலிருந்து வருவதைச் சேர்த்துப் பார்த்து எச்சரிக்கை எழுப்பும் ஏற்பாடு இல்லை, அல்லது இருந்ததை யாரும் மதிக்கவில்லை. இரண்டாவது, நிறுவனத்து ஆட்கள் கிளைக் கணக்கைத் தொலைவிலிருந்தே மாற்ற முடிந்தது. அப்படி முடியாது என்று வருடக்கணக்கில் சொல்லிவந்தார்கள். மூன்றாவது, இங்கிலாந்துச் சட்டத்தில் கணினி சரியாக இயங்கியது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டுவது எதிர்த்தரப்பின் பொறுப்பு. ஆனால் அதைக் காட்டத் தேவையான பதிவுகளோ நிறுவனத்திடம். 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில்தான், மென்பொருளின் பிழைகளால் கணக்கில் குறை வந்திருக்கக்கூடும் என்று தீர்ப்பு வந்தது. 2024இல் தனிச்சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள்.

சரி, உங்கள் மென்பொருளில் என்ன செய்வது? பணம், வேலை, உரிமை, சிகிச்சை இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொடும் மென்பொருள் என்றால் இவற்றைச் செய்யாமல் வெளியிடாதீர்கள்.

ஒரு தொகையோ நிலையோ மாறினால், எப்போது, யாரால், எந்தக் காரணத்தால் மாறியது என்ற வரலாறு பதிவாக வேண்டும். நிர்வாகியோ ஆதரவுக் குழுவோ பின்வாசல் வழியாக மாற்றினாலும் பதிவாக வேண்டும், வாடிக்கையாளர் மாற்றியதுபோல் அது தெரியக் கூடாது. அந்த வரலாற்றைப் பாதிக்கப்படுபவரே, யாரையும் கெஞ்சாமல், தரவிறக்க முடிய வேண்டும். 'இதை நான் மறுக்கிறேன்' என்று ஒரு பொத்தான் வேண்டும். அதை அழுத்தினால் விவகாரம் முடியும்வரை வசூலோ தண்டனையோ நிற்க வேண்டும். அதைப் பார்க்கும் ஆளுக்கு முடிவை மாற்றும் அதிகாரம் இருக்க வேண்டும், திரையில் இருப்பதை வாசித்துக் காட்ட மட்டும் ஓர் ஆள் தேவையில்லை. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஒருவரைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை முழுக்க இயந்திரத்திடமே விடுவதற்குக் கட்டுப்பாடு வைக்கிறது. அந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாத இடத்தில் இருந்தாலும் அதைப் பின்பற்றுங்கள்.

ஆஸ்திரேலியாவில் ரோபோடெட் என்று பெயர்பெற்ற திட்டத்தில் நடந்ததும் இதே தலைகீழ்ப் பாரம்தான். உதவித்தொகை வாங்கியவர்களின் ஆண்டு வருமானத்தை வரித்துறையிலிருந்து எடுத்து, அதை இரண்டு வாரத் தவணைகளாகச் சமமாகப் பிரித்தார்கள். ஆறு மாதம் வேலை பார்த்து ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தவர், வருடம் முழுக்கச் சம்பாதித்தவராகிவிட்டார். உடனே கடன் நோட்டீஸ். கடன் இல்லை என்று மறுத்தால், பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டை நீங்களே தேடிக் கொண்டுவாருங்கள் என்றார்கள். சட்டவிரோதம் என்று தெரிந்த பிறகு, 2020இல் 72 கோடி டாலருக்கு மேல் திருப்பித்தர அரசு ஒப்புக்கொண்டது. அந்த வகுத்தலை எழுதியது ஒரே வரி நிரலாகத்தான் இருந்திருக்கும். உங்கள் நிரலில் சராசரி எடுக்கும் இடங்களைத் தேடிப் பாருங்கள். யாருக்கு அந்தச் சராசரி பொருந்தாது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள்.

பிழைச்செய்திகளை வாசித்துப் பாருங்கள்

தெராக்-25 என்ற கதிரியக்க சிகிச்சை இயந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையில் 6 நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் இறந்தார்கள். நிரலில் இருந்த நேரப்பிழை பாடப்புத்தகங்களில் உண்டு. நான் கவனிக்கச் சொல்வது திரையை. இயந்திரம் 'மால்ஃபங்ஷன் 54' என்று காட்டியது. அந்த எண்ணுக்கு இயக்குபவருக்கு உதவும்படியான விளக்கம் கையேட்டில் இல்லை. இப்படிப்பட்ட செய்திகள் அன்றாடம் வந்துகொண்டே இருந்ததால், 'பி' விசையை அழுத்தித் தொடர்வது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. இயக்கியவர் அழுத்தினார், மறுபடி கதிர்வீச்சு பாய்ந்தது. முந்தைய மாடலில் இருந்த தனி வன்பொருள் பாதுகாப்பை, மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று எடுத்துவிட்டிருந்தார்கள்.

உங்கள் மென்பொருளின் எல்லாப் பிழைச்செய்திகளையும் ஒரே கோப்பில் எடுத்து, நிரல் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 'இது வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். 'ஓகே அழுத்துவேன்' என்ற பதில் வரும் இடமெல்லாம் ஆபத்து. ஆபத்தான செய்தியும் அற்பச் செய்தியும் ஒரே நிறத்தில், ஒரே பொத்தானோடு வரக் கூடாது.

கற்கும் மாடல் இருந்தால்

பழைய தரவிலிருந்து தானே கற்றுக்கொண்டு கணிக்கும் இயந்திரக் கற்றல் சேர்ந்திருந்தால், அது எதைக் கணிக்கிறது என்று ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். 'யாருக்கு நோய் முற்றியிருக்கிறது' என்று எழுதுவார்கள். தரவைத் திறந்தால் அங்கே நோய் இருக்காது, செலவு இருக்கும். 2019இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு இதைத்தான் கண்டது. அமெரிக்க மருத்துவமனைகளில், கூடுதல் கவனிப்பு யாருக்கு வேண்டும் என்று தேர்ந்தெடுத்த ஒரு நிரல், மருத்துவச் செலவை நோயின் அளவாக எடுத்துக்கொண்டது. கறுப்பினத்தவருக்கு ஏற்கெனவே குறைவாகச் செலவழிக்கப்பட்டதால், அதே அளவு நோயோடு அவர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்று கணக்கிட்டார்கள். இனம் என்ற ஃபீல்டே அந்த நிரலில் இல்லை. 'நாங்கள் இனம், பாலினம் எதையும் சேர்க்கவில்லை' என்ற பதிலில் நீங்கள் திருப்தி அடையக் கூடாது என்பதற்கு இது போதும்.

மொத்தத் துல்லியம் என்ற ஒற்றை எண்ணையும் ஏற்காதீர்கள். பிரித்துக் கேளுங்கள். ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிகச் சேவைகளை இப்படிப் பிரித்துச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சப் பிழையே 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 வரை. மொத்தமாகப் பார்த்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

டீஃபால்ட்டும் அணுகலும்

இதற்கு அதிக நேரம் வேண்டாம். எல்லா டிக் பெட்டிகளையும் பாருங்கள், முன்கூட்டியே டிக் போட்டிருப்பதை எடுங்கள். சேர எத்தனை கிளிக் என்று எண்ணுங்கள், விலக எத்தனை என்று எண்ணுங்கள், இரண்டாவது அதிகமாக இருந்தால் குறையுங்கள். மவுஸைக் கழற்றிவிட்டு, கீபோர்டை மட்டும் வைத்து முழு வேலையையும் முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது வலை அணுகல்தன்மை விதி. சோதிக்க இலவசக் கருவிகள் நிறைய உண்டு.

கண்டுபிடித்ததைச் சொல்வது எப்படி

இதுவரை செய்ததெல்லாம் சுலபம். கடினமானது, கண்டதைக் குழுவிலும் மேலேயும் சொல்வது. 'இது அநியாயம்' என்று ஆரம்பித்தால் கேட்பவர் தற்காப்புக்குப் போய்விடுவார், பேச்சு உங்களைப் பற்றியதாகிவிடும். நான் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பேன். எந்தத் திரை, எந்த ஃபீல்டு. யாருக்கு, எந்த நேரத்தில், என்ன இழப்பு வரும். மாற்ற எத்தனை நாள் வேலை. மாற்றாமல் வெளியிடுவது என்றால் அந்த முடிவை எடுப்பவர் யார், அவர் பெயரும் தேதியும். பாதிச் சிக்கல்கள் கடைசி வரியிலேயே தீர்ந்துவிடும். பெயர் போட வேண்டும் என்றதும் இரண்டு நாள் வேலை யாருக்கும் பெரிதாகத் தெரியாது.

'மேலே சொன்னார்கள், செய்தேன்' என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் ஃபோக்ஸ்வாகன் கார்களில் இருந்தது 2015இல் வெளிப்பட்டது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள். அதில் பங்கெடுத்த பொறியாளர் ஒருவருக்கு அமெரிக்க நீதிமன்றம் 2017இல் 40 மாதம் சிறை விதித்தது. கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம், 2018இல் புதுப்பித்த தன் நெறிமுறையின் முன்னுரையிலேயே பொதுநலன்தான் முதல் அக்கறை என்று எழுதியிருக்கிறது. உங்கள் ஒரு பக்கக் குறிப்பில் அதை மேற்கோள் காட்டலாம். தனி ஆளின் அபிப்பிராயமாகத் தோன்றுவதைவிட, தொழிலின் விதியாகச் சொன்னால் அதற்குக் கனம் அதிகம்.

எழுதிய பக்கத்தை நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் போட்டுவையுங்கள், மின்னஞ்சலில் மட்டும் விட்டால் ஆட்கள் மாறும்போது தொலைந்துபோகும். வெளியிட்டு மூன்று மாதம் கழித்து ஒரு தேதியைக் காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள். அன்று அந்தப் பக்கத்தையும், 'மறுக்கிறேன்' பொத்தானை அழுத்தியவர்களின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பட்டியல் காலியாக இருந்தால் சந்தோஷப்படும் முன், அந்தப் பொத்தான் வேலை செய்கிறதா என்று நீங்களே ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.